அட்டையில் கிரான்வில்

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டிவி நகைச்சுவைத் தொடரை எழுதுகிறவன் நேட். ஸ்கிரிப்ட் அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற மகான், தயாரிப்பாளர் கிரான்வில். படித்துப் பார்க்கத்தான் அவருக்கு நேரமிருக்காது, பாவம்.

“திங்கட்கிழமை சேனல் முதலாளிங்க வயிறு வலிக்கச் சிரிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல” என்று நேட்டை மிரட்டினார்.

நேட் எழுதிக் கொடுத்தான். திங்கட்கிழமை ஸ்கிரிப்டை வாசித்துக் காட்ட நடிகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும், “ஒரு வரி விடாம நானே எழுதினது” என்று முதலாளிகளிடம் மார்தட்டினார் கிரான்வில். வாசிப்பு தொடங்கியது. அடுத்தவன் எழுதியதைப் படிக்காமலே தன் பெயரில் விற்கும் ஒரு தயாரிப்பாளரின் கதை அது. முதலாளிகள் கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள்.

“எந்த முட்டாள் எழுதினது இது?” என்று கத்தினார் கிரான்வில்.

நேட் பணிவாக அட்டையை அவர் பக்கம் திருப்பினான். “நீங்கதான் சார். ஒரு வரி விடாம.”