இறால் வருமா, இன்னாசி?

வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார் வைத்திலிங்கம். அறுபதை நெருங்கும் வயதில் வீச்சு வலை பழகினார். பிழைப்புக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழம்புக்கு இறால் கிடைத்தால் போதும்.

பழக்கிவிட்டவர் சைக்கிள் கடை இன்னாசி. வயதில் இளையவர். ஆனாலும் வைத்திலிங்கம் அவரை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போன பருவத்துக்குப் பிறகு அதில் விளையாட்டு இல்லை.

அந்தப் பருவத்தில் ஒரு நாள் ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்தது. இறால் துள்ளுவதைப் பார்த்தபடியே முன்னால் போன வைத்திலிங்கத்தின் காலடியில் மணல் சரிந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த வலைக்கயிறு அவரைக் கடல் பக்கம் இழுத்தது. இன்னாசி பாய்ந்து வந்து கயிற்றை அறுத்தார். சட்டையைப் பிடித்துக் கரையில் போட்டார்.

அதற்கப்புறம் வைத்திலிங்கம் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கடைக்கு மாத்திரை வாங்க வரும் மீனவர்களிடம் மட்டும் விடாமல் கேட்பார்: "இந்தத் தடவை இறால் எப்படி?"

"சுமார்தான்" என்று யாராவது சொன்னால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஐப்பசி பிறந்ததும் இன்னாசியைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனார்.

"குருவே, இந்தப் பருவத்துல இறால் வருமா?"

இன்னாசி கரையோரப் புல்லுக்கடியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை முக்கி எடுத்து நீட்டினார். கிண்ணம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள்போல இறால் குஞ்சுகள். கறுப்புப் புள்ளியாகக் கண்கள் மட்டும் தெரிந்தன.

வைத்திலிங்கம் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"மழை ஏமாத்திட்டா?"

"கொஞ்சம் குறையும்."

"முகத்துவாரம் மணல் மூடிக்கிட்டா?"

"இப்பத் திறந்துதான் இருக்கு."

"தண்ணி கெட்டுப்போனா? குஞ்செல்லாம் செத்துட்டா?"

இன்னாசி குஞ்சுகளைப் பதமாக ஆற்றில் விட்டார்.

"இறாலுக்கு வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டுட்டீங்கண்ணே. உங்க கேள்வி எது?"

வைத்திலிங்கம் மணிக்கட்டைத் தடவினார்.

"கால் வைக்கிற எடத்துல தரை இருக்குமா?"

"தெரியாது."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குமா தெரியாது?"

"நேத்து இருந்த தரை இன்னைக்கு இல்ல. ஆத்து மணல் அப்படித்தான்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல எறங்குறீங்க?"

"தைரியம்லாம் இல்லண்ணே." இன்னாசி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று, வலது பாதத்தால் முன்னால் உள்ள மணலை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகுதான் இடது காலை எடுத்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார்.

வைத்திலிங்கம் கரையில் நின்றபடியே பார்த்தார். அந்தக் காலும் லேசாக நடுங்குவது தெரிந்தது.

"குருவே, எனக்குப் பயமா இருக்கு."

இன்னாசி திரும்பிக் கையை நீட்டினார்.

"போன வருஷம் உங்களுக்கு அந்தப் பயம் இல்லாம இருந்துச்சு. இப்ப இறங்கலாம், வாங்க."