பிரம்மராயர் பெயரில் ஒரு தப்பு

நெடுங்கழனி நாட்டை விடங்கவர்மர் ஆண்ட காலத்தில், அங்கே நெல்லைக் காட்டிலும் அறிவுதான் அமோகமாக விளைந்தது. ஒரே ஒரு குறை, அறிவை உலையில் போட்டால் வேகாது.

அந்த விளைச்சலுக்கெல்லாம் சொந்தக்காரர் அமைச்சர் வித்யாதரப் பிரம்மராயர். ஆறு அண்டை நாட்டு நெல்லாராய்ச்சிப் பண்டிதர்களையும் சேர்த்து ஒரு மகாசபை அமைத்தவர். "ஒரு நாட்டில் கண்டது எல்லா நாட்டுக்கும் தெரிய வேண்டும்" என்று சொல்லி, மலைக்கு மலை கோபுரம் கட்டி, உச்சியில் ஆளுயரக் கண்ணாடி வைத்தார். வெயிலைப் பிடித்துச் சிமிட்டினால் போதும். செய்தி மலை தாவி மலை தாவி ஓடும். அதற்கு ஒளிவலை என்று பெயரும் வைத்தாயிற்று.

வலையில் என்ன ஓடியது என்று கேட்கிறீர்களா? "வணக்கம்." "உங்கள் வணக்கம் கிடைத்தது, மகிழ்ச்சி." "அறிவைப் பகிர்வது எப்படி என்று பேச அடுத்த மாநாடு கூடுகிறது." அவ்வளவுதான். கோபுரத்துக்குக் கடவுச்சொல் வேறு உண்டு. பிரம்மராயர் அதை அடிக்கடி மறந்துபோவார். மறந்த நாட்களில் வணக்கமும் கிடையாது.

அந்த வருஷம் குறுவை நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. பவுனாயி என்ற உழவர் பெண், காய்ந்த பயிரை ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு நேராகச் சபைக்கே வந்துவிட்டாள்.

"மவராசா, பூச்சி தூருல உக்காந்து சாறு உறிஞ்சுதுங்க. வயலு வட்டம் வட்டமா தீ வச்சாப்புல காயுது. அமாவாசை வரைக்கும் இப்புடியே போனா அறுக்க ஒண்ணும் மிஞ்சாது. ஊரு முச்சூடும் இதே கதிதான். பக்கத்து நாடுகள்ல இதுக்கு வழி கண்டிருக்காங்களாம். அந்தக் கண்ணாடியில கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

ராஜா பிரம்மராயரைப் பார்த்தார்.

"கேட்டாயிற்று மகாராஜா! ஆறு நாடுகளும் பதில் சொல்லிவிட்டன."

"என்ன பதில்?"

"'அருமையான வினா' என்றார்கள்."

"மருந்து எங்கே ஐயா?"

"அது அந்தந்த நாட்டின் அரும்பெரும் சொத்து மகாராஜா. முதலில் ஒரு குழு, பிறகு ஒரு துணைக்குழு, அதன்பின் ஒப்பந்தம். முறையாகப் போனால் அடுத்த குறுவைக்குள்..."

"அதுவரைக்கும் புகையான் பொறுத்திருக்குங்களா சாமி?" என்றாள் பவுனாயி.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிச்சாண்டான் சிரித்துவிட்டான். சபையில் விகடம் பேசிப் பிழைக்கிறவன். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாடு பட்டினி கிடக்கப் போகிறது, உனக்குச் சிரிப்பா? நாளை மாலைக்குள் ஆறு நாட்டு வைத்தியமும் இங்கே வந்தாக வேண்டும். வராவிட்டால் நீ நாட்டை விட்டுப் போக வேண்டும்!"

பிரம்மராயருக்கு உச்சி குளிர்ந்தது. கெஞ்சிக் கேட்டும் கொடுக்காதவர்களிடம் இவன் எப்படி வாங்குவான்?

"கோபுரத்தை ஒரு காலைப் பொழுது என்னிடம் விடச் சொல்லுங்கள் மகாராஜா, போதும்" என்றான் பிச்சாண்டான். பிரம்மராயர் தலையைச் சொறிந்து சொறிந்து ஒருவழியாகக் கடவுச்சொல்லைச் சொன்னார்.

மறுநாள் காலை பிச்சாண்டான் மலையேறினான். கண்ணாடியைக் கொஞ்ச நேரம் சிமிட்டினான். பிறகு நிழல் பார்த்துப் படுத்துத் தூங்கிவிட்டான்.

உச்சி வெயிலில் மலைகள் மின்ன ஆரம்பித்தன. ஒன்றல்ல, ஆறு திசையிலும். படித்துச் சொல்லும் காவலர்களுக்குத் தொண்டை வறண்டது. ராஜா மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னாலேயே பவுனாயி.

"மடையா! வயலில் தண்ணீர் கட்டாதே, வடித்துக் காயவிடு!"

"எரு போட்டால் பூச்சி பெருகும் என்பது எங்கள் ஊர் எருமைக்குக்கூடத் தெரியும்!"

"பயிரை விலக்கிப் பாதை விடு! தூரில் காற்றும் வெயிலும் படட்டும்!"

"சிலந்தியைக் கொல்லாதே, பாவி! அதுதான் புகையானைத் தின்கிறது!"

ஒரு நாடு வேப்பெண்ணெய் என்றது. அதை முதலில் கண்டது நாங்கள்தான் என்று இன்னொரு நாடு பாய்ந்தது. அவர்கள் அடித்துக்கொண்டதில், எண்ணெயை எந்த அளவில் கரைத்துத் தூரில் தெளிப்பது என்பது வரைக்கும் வெளியே வந்துவிட்டது. வணக்கத்துக்குப் பதில் சொல்லவே ஒரு பருவம் எடுத்துக்கொள்ளும் நாடு, அன்று இரண்டு தடவை திட்டியது.

பவுனாயி கடைசித் திட்டு வரைக்கும் காத்திருக்கவில்லை. மடையைத் திறக்க ஓடிவிட்டாள். அமாவாசை கழிந்து அவள் மறுபடி சபைக்கு வந்தபோது கையில் பச்சைப் பயிர் இருந்தது. "காஞ்சது காஞ்சதுதாங்க. மத்ததெல்லாம் நிக்குது!" என்று சொல்லி அழுதேவிட்டாள். ராஜாவுக்கும் கண் கலங்கியது.

"பிச்சாண்டா, அவர்களிடம் அப்படி என்னதான் கேட்டாய்?"

"கேட்டால் கொடுப்பார்களா மகாராஜா? நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு தப்பைச் சொன்னேன். 'புகையானுக்கு மருந்து கண்டுவிட்டோம். முழங்கால் அளவு தண்ணீர் கட்டு, எருவைக் கொட்டு, சிலந்தியைக் கொல்லு. இனி இதில் ஆராய ஒன்றுமே இல்லை.' பண்டிதர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருப்பார்கள். அடுத்தவனுக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்லாமல் அரை நாள் இருக்க மாட்டார்கள்."

பிரம்மராயர் துள்ளி எழுந்தார். "நாட்டின் மானத்தையே வாங்கிவிட்டான்! மடையன் என்றார்களே, யாரை? டேய், யார் பெயரில் அனுப்பினாய்? மகாராஜா பெயரிலா?"

ராஜாவின் புருவம் உயர்ந்தது.

"சிவ சிவா! மகாராஜா பெயரில் அனுப்பினால் பயந்துபோய் 'ஆகா, அற்புதம்' என்பார்கள். என் பெயரில் அனுப்பினால் வேடிக்கை என்று விட்டுவிடுவார்கள். இதை ஒருவர் நிஜமாகவே சொல்லியிருப்பார் என்று ஆறு நாடும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாமா? நம் நாட்டில் அப்படி இருப்பது ஒரே ஒரு பெயர்தானே, பிரம்மராயரே?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கியது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பிச்சாண்டானுக்குப் போர்த்தினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"வருத்தப்படாதீர் பிரம்மராயரே. கோபுரம் உம்மிடமே இருக்கட்டும். கரும்பில் செவ்வழுகல் நோய் கண்டிருக்கிறதாம். நாளைக் காலை அதைப் பற்றி ஒரு செய்தி அனுப்பும். ரொம்ப யோசிக்காதீர். உம் மனசில் என்ன படுகிறதோ, அதை அப்படியே அனுப்பினால் போதும்."