தேக்கு மரத்துக் கீறல்

ஒரு காட்டில், ஓடைக்குக் கிழக்கே, ஒரு தேக்கு மரம் நின்றது. அதன் பட்டையில் ஒரே ஒரு நகக் கீறல் இருந்தது. அந்தக் கீறல் சொன்னதுதான் அங்கே சட்டம். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கோடை வந்தால் அந்த ஓடை வற்றிவிடும். நடுவில் உள்ள ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அது ஒரு கரைக்குத்தான் போதும். அதனால் கிழக்குக் கரை விலங்குகளும் மேற்குக் கரை விலங்குகளும் அடித்துக்கொள்ளாமல் ஓர் ஆட்டம் ஆடி முடிவு செய்து வந்தன. கிழக்குக் கரை எறியும். மேற்குக் கரை தடுக்கும்.

எறிவது ஒரு விளாம்பிஞ்சு. நான்கு காட்டுப்பன்றிகள் தோளோடு தோள் ஒட்டி மதில்போல் நிற்கும். எறிபவர் அந்த மதிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மதிலுக்கு முன்னால் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் நரியின் வாயில் பிஞ்சு போய்ச் சேர வேண்டும். நரி அதைக் கவ்விக்கொண்டு மருத மரத்தைத் தாண்டிவிட்டால் மடு கிழக்குக் கரைக்கு. மேற்குக் கரைச் செந்நாய்கள் பிஞ்சைப் பறித்தாலோ, எறிவதற்குள் எறிபவரைத் தொட்டாலோ அந்த எறி போச்சு. மொத்தம் மூன்று எறிகள். மூன்றும் போனால் மடுவும் போச்சு!

எறிபவரைத் தேர்ந்தெடுப்பது உறுமன் என்ற கரடியின் வேலை. நல்ல கரடிதான். ஆனால் பிடித்த பிடியை விடாத கரடி.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நெட்டையான ஒரு கருங்குரங்கு எறிந்து கிழக்குக் கரை வென்றது. அந்த மகிழ்ச்சியில் உறுமன் அந்தக் குரங்கைத் தேக்கு மரத்தில் சாய்த்து நிறுத்தி, அதன் உச்சந்தலைக்கு நேராக ஒரு கோடு கீறினான்.

"இனி எறிபவர் இந்த உயரம் இருக்க வேண்டும். பன்றி முதுகுக்கு மேலே தலை இருந்தால்தானே நரி தெரியும்!" என்றான்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் குரங்கு காடு மாறிப் போன பிறகு, கோட்டைத் தொட்டவர்கள் மட்டுமே எறிந்தார்கள். மூன்று ஆண்டும் தோல்வி. மூன்று கோடையிலும் கிழக்குக் கரை இரண்டு நாள் நடந்து ஆற்றுக்குப் போனது. போன கோடையில் அந்த நடையில் ஏழு மான்குட்டிகள் சுருண்டு விழுந்தன. உறுமனுக்கு அதை நினைத்தால் சோறு தண்ணீர் இறங்காது. ஆனாலும் கோட்டின்மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. 'கோடு சரிதான். வந்தவர்கள்தான் சரியில்லை' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

இந்த ஆண்டும் தேர்வு நடந்தது. நெடுங்கையன் என்ற கருங்குரங்கு தலைமயிரைச் சிலுப்பிவிட்டுக்கொண்டு வந்து நின்றது. தலை கோட்டைத் தொட்டது.

"ஆள் கிடைத்தாயிற்று!" என்றான் உறுமன். அது எறிவதை அவன் பார்க்கக்கூட இல்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணா, நானும் எறிவேன்."

குனிந்து பார்த்தால், பொட்டு என்ற கீரி.

"நீயா? கோடு எங்கே, நீ எங்கே!" என்றான் உறுமன்.

"கோட்டைத் தொட நான் வரவில்லை அண்ணா. முட்டையைப் பாறையில் எறிந்து உடைத்துத் தின்கிறவர்கள் நாங்கள். ஒரு பிஞ்சு கொடுங்கள். ஒரே ஒரு எறி பாருங்கள்."

"பன்றி மதிலுக்குப் பின்னால் நின்றால் உனக்கு என்ன தெரியும்? பன்றி வால் தெரியும்!"

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொட்டு மட்டும் சிரிக்கவில்லை.

"பார்த்துவிட்டுச் சொல்லலாமே அண்ணா."

"பார்க்க என்ன இருக்கிறது? போ, போ!"

ஆட்ட நாள் வந்தது. திடலைச் சுற்றி இரண்டு கரையும் கூடி நின்றது. மடுவின் ஓரத்துச் சேறு ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கியிருந்தது.

முதல் எறி. நெடுங்கையன் நிமிர்ந்து நின்று, பன்றி முதுகுகளுக்கு மேலே எட்டி, இடப்பக்கம் பார்த்தது. கையை ஓங்கியது. பிஞ்சு பறந்தது. ஆனால் அது நரியிடம் போகும் முன்பே இரண்டு செந்நாய்கள் அங்கே காத்திருந்தன. ஒன்று துள்ளிக் கவ்விக்கொண்டது.

'அதெப்படி முன்கூட்டியே தெரிந்தது?' உறுமன் மேற்குக் கரைப் பக்கம் காதைத் திருப்பினான்.

இரண்டாவது எறி. மேற்குக் கரைச் சிறுத்தை தன் செந்நாய்களிடம் கத்துவது இப்போது அவன் காதில் தெளிவாக விழுந்தது.

"குரங்கின் தலையைப் பாருங்கள்! தலை திரும்பும் பக்கம் ஓடுங்கள்!"

உறுமன் திகைத்துப் போனான். நரியைப் பார்ப்பதற்காக உயர்ந்த தலை, செந்நாய்களுக்கும் அல்லவா தெரிகிறது! மூன்று ஆண்டுகளாக எதிரிக்கு வழிகாட்டி ஒருவனைத் தேடித் தேடி நிறுத்தியது தானேதான் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் ஒரு செந்நாய் மதிலைச் சுற்றிப் பாய்ந்து நெடுங்கையனை மோதித் தள்ளியது. குரங்கு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டாவது எறியும் போச்சு.

"ஆள் மாற்றுவதென்றால் மாற்றுங்கள். பத்து எண்ணுவேன். ஒன்று!" என்றது சிறுத்தை.

"நெடுங்கையனின் தம்பி இருக்கிறான். அவனும் கோட்டைத் தொடுகிறான்!" என்று அகவியது மயில். அதற்கு எப்போதும் பார்வைக்கு எடுப்பாக இருந்தால் போதும்.

"இரண்டு! மூன்று!"

திடலோரம் ஒரு பெண்மான் தன் குட்டியை ஒட்டி நின்றாள். "உறுமண்ணா, என் குட்டிக்கு இரண்டு நாள் நடக்கத் தெம்பில்லை" என்றாள்.

"நான்கு! ஐந்து!"

"பொட்டு எங்கே?" என்று கத்தினான் உறுமன்.

"இங்கேதான் இருக்கிறேன் அண்ணா." அவன் காலடியில்தான் நின்றிருந்தாள்.

"இங்கிருந்து உனக்கு என்ன தெரியும்? உண்மையைச் சொல்."

"நீங்களே குனிந்து பாருங்கள்."

"ஆறு! ஏழு!"

காடே பார்க்க, உறுமன் மதிலுக்குப் பின்னால் போய் மண்ணில் மோவாயை வைத்துப் படுத்தான். நான்கு பன்றிகளின் பதினாறு கால்களுக்கு இடையே திடல் முழுவதும் தெரிந்தது! செந்நாய்களின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன, நரியின் பாதம் எங்கே ஊன்றுகிறது, எல்லாம் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக இந்தத் திடலை அவன் இப்படிப் பார்த்ததே இல்லை.

"உன்னால் முடியுமா?" என்று எழுந்தபடியே கேட்டான்.

"ஆகும் ஆகாது என்று நான் எப்படிச் சொல்வேன்? எறிகிறேன்."

"எட்டு! ஒன்பது!"

"எங்கள் ஆள் பொட்டு!" என்றான் உறுமன்.

மேற்குக் கரை கைகொட்டிச் சிரித்தது. பொட்டு பிஞ்சை எடுத்துக்கொண்டு போய், மதிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஐயோ, பயத்தில் திரும்பி நிற்கிறாளே!" என்று அலறியது மயில்.

பொட்டு பின்னங்கால்களை அகட்டினாள். தலையைக் கவிழ்த்து, தன் கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்தாள். கீரிகள் முட்டையை எறிவது அப்படித்தான்.

செந்நாய்கள் பன்றி முதுகுகளுக்கு மேலே பார்த்தன. அங்கே ஒன்றும் இல்லை.

"தலை எங்கே? எந்தப் பக்கம் ஓடுவது?" என்று கேட்டன.

சிறுத்தைக்கும் தெரியவில்லை. "இடப்பக்கம்! இல்லை, வலப்பக்கம்! யாராவது சுற்றிப் போய்ப் பிடியுங்கள்!"

ஒரு செந்நாய் மதிலைச் சுற்றி வந்தது. பொட்டு அசையவில்லை. அது பத்தடி தூரத்துக்குள் வந்தது. அப்போதும் அசையவில்லை. 'எறி, எறி, எறி' என்று உறுமன் பல்லைக் கடித்தான். பொட்டு நரியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செந்நாய் அவள்மேல் பாதத்தை ஓங்கியது.

நரியின் கால்கள் சட்டென்று வலப்பக்கம் திரும்பின. பொட்டு எறிந்தாள்.

இரண்டாவது பன்றியின் கால்களுக்கு ஊடே, தரையோடு தரையாகப் பிஞ்சு பாய்ந்தது. செந்நாயின் பாதம் அவள்மேல் விழுந்தபோது பிஞ்சு நரியின் வாயில் இருந்தது. நரி ஓடியது. பின்னால் ஒரு செந்நாய் துரத்தியது. வாலை எட்டிப் பிடித்தது. வாயில் கொஞ்சம் மயிர்தான் மிஞ்சியது. நரி மருத மரத்தைத் தாண்டிப் புல்லில் உருண்டது.

கிழக்குக் கரை போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காய்ந்த இலையெல்லாம் கொட்டியது. உறுமன் அழுதுவிட்டான். அதை அவன் மறைக்கவும் இல்லை.

பொட்டு தூசியைத் தட்டிக்கொண்டு வந்தாள். "பன்றி வால் நன்றாகத் தெரிந்தது அண்ணா" என்றாள்.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு தேக்கு மரத்தடிக்குப் போனார்கள். மயில்தான் முந்திக்கொண்டது. "உறுமா, பொட்டுவை நிறுத்திக் கீழே ஒரு புதுக்கோடு கீறு! அதற்குமேல் வளர்ந்த யாரும் இனி எறியக்கூடாது!"

"ஆமாம், ஆமாம்! குட்டையானவர்கள்தான் எறிய வேண்டும்!" என்று கூட்டம் ஆரவாரித்தது.

பழக்க தோஷத்தில் உறுமனின் நகம் மரத்துக்குப் போனது. பாதியில் நின்றது. வீங்கிய கையோடு கூட்டத்தின் கடைசியில் நின்ற நெடுங்கையனை அவன் பார்த்தான். 'இவனையும் நான் அளந்தேனே தவிர, எறியச் சொல்லிப் பார்க்கவில்லையே!'

உறுமன் பழைய கோடு இருந்த பட்டையைப் பிராண்டி எடுத்துக் கீழே போட்டான். புதுக்கோடு எதுவும் கீறவில்லை.

"அடுத்த ஆண்டு எறிய நினைப்பவர்கள் இந்த மரத்தடிக்கு வர வேண்டாம். திடலுக்கு வாருங்கள். ஆளுக்கொரு பிஞ்சு கொண்டு வாருங்கள்" என்றான்.

மடுவில் மான்குட்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நீதி: ஒருவரின் திறமையை அவர் செய்வதைப் பார்த்தே அறிய வேண்டும், ஆளை அளந்து பார்த்து அல்ல.