ஷென்னுக்கு ஓர் ஆர்க்கிட்

பெங்குக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய ஆசிரியை லின்னுக்கு நாற்பது.

மாவட்ட அலுவலகத்தில் முப்பது வருஷம் மனுக்களை நகல் எடுத்து ஓய்வு பெற்றவர் பெங். மூன்று வருஷமாக லின்னிடம் மலர் வரையக் கற்றுக்கொண்டிருந்தார். எழுதுகிற தூரிகையாலேயே, எழுதுகிற கறுப்பு மையாலேயே வரைகிற மலர்கள்.

லின் ஒப்புக்கொள்ளாத படத்தில் மாணவர் தன் முத்திரையைப் பதிக்கக் கூடாது. பெங் ஆசையாகச் செதுக்கி வைத்திருந்த முத்திரையில் இன்னும் சிவப்பு மை பட்டதே இல்லை.

அன்று காலை மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஆசிரியரே, மதியப் படகில் என் பழைய சிநேகிதன் ஷென் வருகிறான்! பார்த்து நாற்பது வருஷமாகிறது. ஒரு மணி நேரம்தான் படகு நிற்கும். என் கையால் ஓர் ஆர்க்கிட் வரைந்து கொடுக்க வேண்டும். என் முத்திரையோடு."

"வரையுங்கள்."

பெங் ஓர் இலையை இழுத்தார். விளிம்பு சற்றே கோணியது போலிருந்தது. அதன் மேலேயே இன்னொரு முறை தூரிகையை ஓட்டினார். அப்புறம் இன்னொரு முறை.

லின் எட்டிப் பார்த்தார். "வெங்காயத்தாள் நன்றாக வந்திருக்கிறது."

பெங்கின் முகம் தொங்கிப்போனது. "என் கையில் என்னதான் குறை?"

லின் புதுத் தாள் ஒன்றை விரித்தார்.

"ஷென் எப்படிப்பட்டவர்?"

"அயோக்கியன்! அரசாங்கப் பரீட்சைக்கு ஆளுக்கோர் அறையில் மூன்று நாள் அடைத்து வைத்தார்களே, அப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து மூன்று நாளும் குறட்டை விட்டான். அவனால்தான் நான் தேறவில்லை."

"அவர் தேறினாரா?"

"தூங்கினவன் எப்படித் தேறுவான்?"

"இதை அவரிடம் சொன்னதுண்டா?"

"இல்லை."

"எழுதுங்கள்."

'அடே ஷென், குறட்டைப் பன்றியே' என்று தொடங்கினார் பெங். இரண்டாம் வரியில் சிரிப்பு வந்தது. நான்காம் வரியில் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. தூரிகை தாளில் துள்ளிக்கொண்டு போனது.

"நிறுத்தாதீர்கள். அதே கையால் இலை!"

யோசிக்காமல் இழுத்தார். ஓர் இலை கீழிருந்து எழுந்து, வளைந்து, எழுத்துகளையும் தாண்டிப் போய் மெலிந்தது. இரண்டாவது அதன் குறுக்கே பாய்ந்தது.

"பூ!"

ஐந்தே தொடுதல். யாரையோ கேலி செய்வது போல ஒரு பூ தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

சிரித்த சிரிப்பில் ஒரு துளி மை இலையருகே சிந்தியிருந்தது. அதைச் சரிசெய்யத் தூரிகையை நீட்டினார் பெங். லின் பிடுங்கிக்கொண்டார்.

துறையில் படகின் மணி கேட்டது.

"ஆசிரியரே, இப்படியேவா கொடுப்பது? மை சிந்தியிருக்கிறது. பன்றி என்று வேறு எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், இதைப் பார்த்து ஒரு நல்ல தாளில் அப்படியே..."

லின் சிவப்பு மைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முப்பது வருஷம் நகல் எடுத்தீர்களே ஐயா, போதாதா?"