வராத புயலின் அரிசி

“நான் சொன்ன புயல் வரவில்லை, அம்மா.”

இதை வாய்விட்டுச் சொல்ல குணசீலனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

பூரணி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “ஆமாம், வரவில்லை” என்றார். அடுத்த தண்டை எடுத்தார்.

கடலோர வானிலை நிலையத்தில் புயலின் பாதையைக் கணித்துச் சொல்வது குணசீலனின் வேலை. நிலையத்துக்குப் பின்னால் பூரணி அம்மையின் மடம். வயதில் அம்மைதான் இளையவர். ஆனாலும் பல வருடங்களாகக் குணசீலன்தான் அவருக்குச் சீடர். மனம் கனத்தால் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சென்ற மாதம், புயல் இந்தக் கரையைத்தான் கடக்கும் என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை நம்பிக் குப்பங்களைக் காலி செய்தார்கள். சனம் மொத்தமும் மடத்தில் வந்து தங்கியது.

புயல் நடுக்கடலில் ஒரு நாள் நின்று யோசித்தது. பிறகு திரும்பிப் போய்க் கடலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. மறுநாள் சுள்ளென்று வெயில்.

அன்றிலிருந்து அவர் டீக்கடைப் பக்கம் போவதில்லை. துணி காயப்போடலாமா சார் என்று கேட்கிறார்கள். அவர் குடையோடு வந்தால் ஊரே குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறதாம்.

இப்போது கடலில் மறுபடியும் ஒரு சுழல். கணினிகள் ஆளுக்கொரு பாதை வரைகின்றன. மதியத்துக்குள் அறிக்கை போக வேண்டும். வரலாம், வராமலும் போகலாம் என்று பட்டும் படாமலும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தார். அப்படி எழுதினால் ஒருவரும் வீட்டைவிட்டு நகரமாட்டார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

“தப்பாமல் சொல்ல ஒரு வழி காட்டுங்கள், அம்மா.”

அம்மை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“சமையல்கட்டில் ஓர் அண்டா வழியை மறிக்கிறது. கொஞ்சம் நகர்த்தித் தருகிறீர்களா?”

குணசீலன் எழுந்து போனார். அண்டாவின் காதைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். இவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

“என்ன சார், அண்டாவுக்கும் புயல் கூண்டு ஏத்தப்போறீங்களா?”

வாசலில் வைரக்கண்ணு நின்றிருந்தார். படகுக்காரர். டீக்கடையில் துணிக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். கையில் ஒரு துண்டு முடிச்சு.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புயலுக்கு ஒதுங்கியவர்கள் திரும்பிப் போகும்போது வீடு நிற்க வேண்டும். அடுப்பு எரிய வேண்டும். அப்படி இருந்தால், அந்த வீட்டு அரிசியில் ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து போடுவார்கள். குணசீலன் கேள்விப்பட்டிருக்கிறார். பார்த்ததில்லை.

ஒரு மாதமாகப் பெண்டாட்டி பிடுங்குகிறாள் என்றார் வைரக்கண்ணு. எல்லார் வீட்டிலும் போட்டாயிற்று, நம் வீடுதான் பாக்கி என்று வைகிறாளாம்.

அவர் முடிச்சை அவிழ்த்து, அண்டாவின் மூடியைத் தூக்கினார்; உள்ளே விளிம்புவரை அரிசி. தனக்கு ஒரு பிடி, மனைவிக்கு ஒரு பிடி, பெற்ற அம்மாவுக்கு ஒரு பிடி. கண்ணை மூடி நின்றார். வாய் என்னவோ முணுமுணுத்தது. அந்த முகத்தைக் குணசீலன் டீக்கடையில் கண்டதில்லை.

பிறகு வைரக்கண்ணு அவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணு கெளம்பியிருக்காமே. நம்ம பக்கமா, சார்?”

“ஏன், துணி காயப்போடணுமா?”

வைரக்கண்ணு சிரித்துவிட்டார். “அது டீக்கடைப் பேச்சு, சார். எங்கம்மாவால நடக்க முடியாது. நீங்க சொன்னீங்கன்னா தூக்கிட்டு வந்துடுவேன். சொல்லலைன்னா அது பாட்டுக்கு வீட்ல கெடக்கும்.”

குணசீலன் அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். வைரக்கண்ணு சற்றுப் பார்த்துவிட்டு, வாசலில் இருக்கிறேன் என்று வெளியே போனார்.

அண்டாவுக்கு மேலே, பலகையில், ஒரு சின்ன மண்கலயம் இருந்தது. எதையாவது பார்க்க வேண்டுமே என்று அதைப் பார்த்தார்.

“அது எதற்கு, அம்மா?” என்று உள்ளே வந்த அம்மையைக் கேட்டார்.

“ஒரு புயல் யாரும் சொல்லாமல் வந்ததே. அந்த வருடம் வந்த அரிசியை அதில்தான் போட்டு வைத்தோம்.”

எந்த வருடம் என்று அவர் கேட்கவில்லை. அம்மையின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அது.

கலயத்தை எடுத்தார். ஒரு கைக்குள் அடங்கியது.

“நிறைந்ததா?”

“இல்லை.”

கலயத்தை இருந்த இடத்தில் வைத்தார். மறுபடி அண்டாவில் கை வைத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினார்.

அது அசையவில்லை.

கையை எடுக்காமல், உள்ளே நிறைந்திருந்த அரிசியைப் பார்த்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு வெளியே போனார்.

“உங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், வைரக்கண்ணு.”

வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

குணசீலன் நிலையத்துக்குப் போன் போட்டார். எங்கே கடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் நம் கரையும் புயல் கடக்கக்கூடிய வட்டத்துக்குள் வருகிறது, குப்பங்களைக் காலி செய்யச் சொல்லி இப்போதே அறிக்கை அனுப்புங்கள் என்றார். குரல் தடுமாறவில்லை.

அவர் உள்ளே வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மை அண்டாவிலிருந்து அரிசியை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

குணசீலனும் கீழே உட்கார்ந்து, கல் பொறுக்கத் தொடங்கினார்.

“இதுவும் வராமல் போகலாம், அம்மா.”

அம்மை நிமிர்ந்தார். முற்றத்தைக் காட்டினார்.

அங்கே, இதைவிடப் பெரிய அண்டா ஒன்று, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.