உள்ரூம் இல்லாத புளிச்சி

ஒரு சமையல்கட்டுல ஒரு மாவுக் குண்டான் இருந்துச்சாம். அந்தக் குண்டான்தான் ஊரு. எந்தக் குண்டானா? சாயந்திரம் உங்கம்மா முழங்கை வரைக்கும் கையை விட்டு, உப்புப் போட்டு, சளக்கு சளக்குன்னு கரைச்சாளே, அதேதான். ம் சொல்லு.

"ம்."

அந்த ஊர்ல புளிச்சி, புளிச்சின்னு ஒரு பாக்டீரியா. கண்ணுக்கே தெரியமாட்டா, அவ்ளோ குட்டி. அவ உடம்புதான் அவ வீடு. வெளியில பிசுபிசுன்னு ஒரு சால்வை. சால்வைக்குள்ள கெட்டியா ஒரு சுவரு. சுவரை ஒட்டினாப்புல மெல்லிசா ஒரு தோலு, அதுல அங்கங்க வாசலு. உள்ள? ஒரே கூடம்! கூடம் பூரா கொழகொழன்னு கஞ்சி. கஞ்சியில குட்டிக்குட்டியா வேலையாளுங்க, ரைபோசோம்னு பேரு. நடுக்கூடத்துல சுருள் சுருளா நீளமா ஒரு நூலு கிடக்கும். அதான் டி.என்.ஏ. வீட்டுல எதைச் செய்யணும்னாலும் அந்த நூலைப் படிச்சுத்தான் செய்யணும்.

"மாமா, நூலுக்குத் தனி ரூமு?"

கேட்டுட்டியா! அதாண்டி அவளுக்கு மானம் போற விஷயம். கிடையாது.

பக்கத்துல நுரையம்மான்னு ஒரு ஈஸ்டு. பெரிய இடம். பேசும்போதே புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வரும். ஒருநாள் அவ, "ஏன் புளிச்சி... புஸ்ஸ்... எங்க வீட்ல நூலுக்குத் தனி ரூமு, அடுப்புக்குத் தனி ரூமு, குப்பைக்குத் தனி ரூமு. நடந்து நடந்து முட்டியே தேஞ்சுது போ. உங்க உள்ரூமு பெருசோ?"ன்னா.

புளிச்சி சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா?

"ஓ... பெருசுக்கா. பூட்டி வெச்சிருக்கேன்."

"அப்ப சரி. மாவு பொங்குறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்துடறேன்."

புளிச்சிக்கு உடம்பு பூரா கூசிப்போச்சு. வந்து பாத்தா? பாத்துட்டு ஊர் பூரா சொல்லிட்டா? அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இந்தக் குண்டான்ல குடியிருக்கிறது?

அப்போ ஒரு வேலை செஞ்சா. நடுக்கூடத்துல கிடந்த நூலை வாரிச் சுருட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, ஒரு மூலையில திணிச்சு, முன்னாடி போயி நின்னுக்கிட்டா. இதான் உள்ரூமாம்!

கொஞ்ச நேரத்துல ஒரு வேலையாளு வந்தான். "அம்மா, வாசல் ஒண்ணு இத்துப்போச்சு, உப்பு உள்ள வருது. நூலைக் காட்டுங்க, புதுசு செய்யணும்."

"உஷ்ஷ்! விருந்தாளி வரா. அப்புறம்."

அப்புறம் இன்னொருத்தன். "அம்மா, சுவர்ல விரிசலு. நூலு?"

"அப்புறம்டா! கூடத்துல திரியாத, அசிங்கமா இருக்கு."

அப்புறம் மூணாவது ஆளு. பாவம், மூச்சு வாங்குது. "அம்மா... புளிப்பு... புளிப்பு உள்ள வருது!"

புளிப்புன்னா என்னங்கிற? இவளும் தெருக்காரங்களும் வெளிய கொட்டினதுதான். ஊர்ல அது ஏற ஏற, திரும்பி வீட்டுக்குள்ளயே வருது, சர்ர்ர்ர்னு. இறைச்சு ஊத்தப் பம்பு வேணும். பம்பு செய்ய நூலு வேணும். நூலு முடிச்சுல கிடக்கு. கஞ்சி கரிக்குது, வேலையாளுங்க ஒவ்வொருத்தனா சாயறான்.

அப்போ வாசல்ல... டொக். டொக்.

"புளிச்சி... புஸ்ஸ்... நான்தான்!"

பிரிச்சா மானம் போகும். பிரிக்கலேன்னா உசுரு போகும். ம் சொல்லு.

"ம்! பிரிக்கச் சொல்லு மாமா!"

பிரிச்சுட்டா! கண்ணை இறுக்க மூடிக்கிட்டு முடிச்சை இழுத்தா. சரசரசரன்னு நூலு நடுக்கூடத்துல விழுந்துச்சு. எல்லாரும் பாய்ஞ்சு வந்தாங்க. இந்தப் பக்கம் படிக்கப் படிக்கவே அந்தப் பக்கம் பம்பு தயாராகுது. மாட்டு! இறை! கும்முக்கு கும்முக்கு கும்முக்கு... புளிப்பு வெளிய போச்சு.

புளிச்சி மெதுவா கண்ணைத் தொறந்தா. நுரையம்மா உள்ள வரலை. எங்க வர்றது? அவ யானை, இது பூனைக்குட்டி. வாசல்ல கண்ணை வெச்சு எட்டிப் பாத்துக்கிட்டிருந்தா. பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா.

"உள்ரூமு எங்கடி?"

"இல்லக்கா. பொய் சொன்னேன்."

நுரையம்மா இன்னும் நல்லா எட்டிப் பாத்துட்டுக் கேட்டா, "நூலு நடுவுல கிடக்கே, யாரும் மிதிக்கமாட்டாங்களா?"

"பாத்து நடப்பாங்கக்கா."

"எங்க வீட்ல அதைப் பாத்து ஒரு சீட்டு எழுதி, கதவு தாண்டி வெளிய வேலையாளுங்களுக்கு அனுப்பணும். போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சுடும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. சிரிக்கலை. அது இன்னும் சுருக்குன்னு இருந்துச்சு புளிச்சிக்கு. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தா. அப்போ உடம்புல ஒரு மாதிரி இருந்துச்சு. நூலு ரெண்டு நூலாச்சு. வீடு நீளமாச்சு. நடுக்கூடத்துல தரையிலேர்ந்து ஒரு சுவரு மெதுவா எழும்புது... எழும்புது...

"அய்! உள்ரூமு! எனக்கும் உள்ரூமு வந்துடுச்சு!"

பட்!

ரெண்டா பிரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் புளிச்சி, அந்தப் பக்கம் அவ மக. ஆளுக்கு ஒரு கூடம், ஆளுக்கு ஒரு நூலு, அவ்ளோதான்.

மக பொறந்ததும் பொறக்காததுமா கத்தினா: "அம்மா! நம்ம உள்ரூமு எங்கம்மா?"

தெருவே திரும்பிப் பாத்துச்சு. நுரையம்மாவும் பாத்தா. புளிச்சிக்கு இன்னொரு தடவை உடம்பு கூசுச்சு. ஆனா இந்தத் தடவை வாய் தடுமாறலை.

"இல்லடி. நமக்கு எல்லாம் கூடத்துலதான்."

"சரிம்மா"ன்னு சொல்லிட்டு, அந்தக் குட்டிப்பொண்ணு வாசலைத் தொறந்து, "பெரியம்மா! எங்க வீட்ல உள்ரூமே இல்லை, வந்து பாரேன்!"னு கூப்பிட்டுச்சு.

நுரையம்மா சிரிச்சா பாரு... புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்! ஊரே பொங்கி, குண்டான் மூடி டொப்புன்னு கீழ விழுந்துச்சு.

ம் சொல்லு.

...

மாவு பொங்கியாச்சு, கதை அடங்கியாச்சு. தூங்குடி தங்கம்.