தூண் எண்ணப் போன புறா

அந்தக் காலத்தில், பறவைகள் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பருந்து ஏமாந்த கதை இது. கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது இல்லை. நீங்கள் முன்கூட்டியே சிரித்துவிட்டால் பருந்துக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு, பள்ளிவாசலுக்குள் வாருங்கள்.

முத்துக் குளிக்கிற கடற்கரை ஊர் அது. பெரிய பள்ளிவாசலை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள். உள்ளே கருங்கல் தூண்கள் தோப்பு மாதிரி நின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலும் வாழைப்பூ கவிழ்ந்து தொங்குவதுபோல் கல்லில் செதுக்கியிருந்தது. நடுவில் கும்மட்டம். அதற்குக் கீழே நின்று ஒருவர் தும்மினால் ஊரே தும்மியது போலிருக்கும்.

அங்கே முதலில் குடியேறியது ஒரு மைனா. இளவட்டம். காதில் விழுகிற எந்தக் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்லும். மோதினார் உதுமான் லெப்பைக்கு, ஊரைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் முன் இருமுவது வழக்கம். மைனா அந்த இருமலை இருமிவிட்டால் போதும், ஊர்க்காரர்கள் பாதிச் சோற்றில் கைகழுவிக்கொண்டு ஓடி வருவார்கள்.

"ஹமுக்கு! என் தொண்டையை என்கிட்டயே திருப்பிக் கொடு!" என்று மோதினார் துண்டை வீசுவார்.

"ஹமுக்கு! என் தொண்டையை என்கிட்டயே திருப்பிக் கொடு!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து அவர் குரலே பதில் சொல்லும்.

ஐப்பசிப் புயலில் ஒரு மாடப்புறா கூட்டை இழந்து, நனைந்து நடுங்கி உள்ளே வந்தது. கல் வாழைப்பூவின் இடுக்கில் இரண்டு முட்டை இட்டது. மோதினார் அண்ணாந்து பார்த்து, "இருந்துட்டுப் போவுது" என்றார். மைனாவுக்கு அக்கா கிடைத்த சந்தோஷம். "லாத்தா, லாத்தா" என்று புறாவைச் சுற்றிச் சுற்றி வந்தது.

புயல் ஓய்ந்த மறுநாள் மினாராவின் உச்சியில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்தது.

"ஊரிலேயே உயரமான இடம் இது. உயரத்தில் உட்காருகிறவன் நான். ஆகவே இந்த வீடு என்னுடையது. உள்ளே இருக்கிற முட்டையும் என்னுடையது."

மைனா தூணுக்குப் பின்னால் ஒதுங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"வாங்க வீட்டுக்கார அண்ணாச்சி! வீட்டை ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்த்திருக்கீங்களா?"

பருந்து உள்ளே வந்தது. கல்சாளரத்தின் வழியே வந்த வெயில் தரையில் பூப்பூவாய் விழுந்திருந்தது. தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு போன பருந்து, கொஞ்ச நேரம் முட்டையைக்கூட மறந்துவிட்டது. பிறகுதான் முகம் கடுத்தது.

"கொடி இருக்கிறது, மொட்டு இருக்கிறது. என் உருவம் எங்கே?"

பாய் உதறிக்கொண்டிருந்த மோதினார் திரும்பினார். "படைச்சவனுக்கே இங்க உருவம் வைக்கலே. உனக்கு எதுக்கு வாப்பா?"

பருந்து கோபத்தில் கிறீச்சிட்டது. கும்மட்டம் அதைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. "கேட்டீர்களா? கும்மட்டமே எனக்குச் சாட்சி!"

முட்டையை அணைத்திருந்த புறா பயத்தில் மெல்ல "க்கும்" என்றது. கும்மட்டம் அதையும் வாங்கி, "க்கும்ம்ம்ம்" என்று அதே அளவுக்கு முழங்கியது. தன் குரல் இவ்வளவு பெரியதா! புறா எழுந்து நின்றது.

"நான் போக மாட்டேன்."

பருந்து நகத்தை விரித்தது. மைனா நடுவில் பாய்ந்தது.

"தன் வீட்டுல எத்தனை தூண் இருக்குன்னு தெரியாத வீட்டுக்காரரை இப்பத்தான் பார்க்கிறேன்!"

"எண்ணுவது என் வேலையா? ஏ புறாவே, எண்ணிச் சொல்! அப்புறம் உன்னைக் கவனிக்கிறேன்."

"எண்ணி முடிக்கிற வரைக்கும், எண்ணுறவங்க மேலயும் குஞ்சு முட்டை மேலயும் நகம் படக் கூடாது. சத்தியமா?" என்றது மைனா.

"சத்தியம்!" என்றது பருந்து. "சத்தியம்... சத்தியம்..." என்றது கும்மட்டம். இனி இல்லை என்று சொல்ல முடியாது.

புறா நேர்மையான பிறவி. தரையில் இறங்கி, ஒரு தூணுக்கு ஒரு தலையசைப்பு என்று எண்ணிக்கொண்டே நடந்தது. கடைசி வரிசைக்கே வந்துவிட்டது. எண்ணி முடிந்தால் சத்தியமும் முடிந்துவிடுமே! மைனா தூணுக்குப் பின்னால் ஒளிந்து, மோதினார் மாதிரி ஒரு இருமல் இருமியது. புறா திடுக்கிட்டது. எண்ணிக்கை போயிற்று. முதலிலிருந்து எண்ணியது. அடுத்த தடவை புறாவின் குரலிலேயே குறுக்கே ஒரு தப்பு எண் கேட்டது.

"எவன்டா அது, என் வாயாலயே என்னைக் குழப்புறது?" என்று புறா சீறிக்கொண்டிருந்தபோதே மேலே முட்டைகள் விரிசல்விட்டன. இரண்டு சின்ன அலகுகள் எட்டிப் பார்த்தன.

புறா குஞ்சுகளைப் பார்த்தது. மீதியிருந்த தூண்களைப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் இருமவில்லை.

"அடடா, எங்கே விட்டேன்? மறந்தே போச்சே!" என்றது.

பருந்து வெளியே வட்டமடித்துக்கொண்டே, "முடிந்ததா?" என்று கேட்கும். "எண்ணிக்கிட்டேதான் இருக்கு, நானும் பார்க்குறேனே" என்பார் மோதினார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஒருநாள் காலையில் பருந்து கீழே பார்த்தது. முற்றத்தில் இளம்புறாக்கள் இரண்டு, தலையை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தன.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"எண்ணுறோம். அம்மா விட்ட இடத்துலேருந்து."

"அம்மா எங்கே விட்டாள்?"

"அதுதான் தெரியலே. அதனால முதல்லேருந்து எண்ணுறோம். நாங்க முடிக்காட்டி எங்க பிள்ளைங்க எண்ணும்."

பருந்து ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது. திறந்த அலகு மூடவில்லை.

"அடேய்... இது முடியவே முடியாதா?"

கும்மட்டத்துக்குள்ளிருந்து பருந்தின் குரலே பருந்துக்குப் பதில் சொன்னது: "சத்தியம்!"

இப்போது சிரிக்கலாம். அன்று முதல்தான் பள்ளிவாசல் புறாக்கள் தலையை ஆட்டி ஆட்டி நடக்கின்றன. பருந்து மினாராவைச் சுற்றிச் சுற்றி வருகிறது.